மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்காதவர்களுக்கு

குட்மேய்ஸ்,
இலண்டன்.

பெருமதிப்புக்குரிய ஓட்டுநர், வாகனத் தர முகவரகத்தாருக்கு,

உங்களை இங்கே எல்லாரும் டி.வி.எஸ்.ஏ. என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனு என்றால் முழுப் பெயரோடு தொடங்க வேண்டும் என்று யாழ்ப்பாணம் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் பழகிய கை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாழ்த்து. ஏர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது 1960இல் தொடங்கிய எம்.ஓ.ரி. என்கிற வாகனத் தகுதிச் சோதனை இன்றைக்கும் நடக்கிறது. அந்த அமைச்சே 1970இல் வேறொரு திணைக்களத்துக்குள் கரைந்துபோய்விட்டது. சோதனை மட்டும் அதன் பெயரைச் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கிறது. ஆரம்பத்தில் 10 வயது வண்டிகளைப் பிடித்தீர்கள், 1967இல் 3 வயது வண்டிகள்வரை இறங்கி வந்தீர்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கூடிய பட்சக் கட்டணம் 29.65 பவுண். 2010இலிருந்து அது அசையவேயில்லை. இலண்டனில் விலை ஏறாத ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும். இதற்காக உங்களுக்கு மாலை போட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பரிசோதகர் மோட்டார் சைக்கிளின் முன் லைற்றைப் போட்டுப் பார்க்கிறார், எரிகிறது. பின் லைற் எரிகிறது. பிரேக் பிடித்தால் சிவப்பு விழுகிறது. சிக்னல் இரண்டு பக்கமும் சிமிட்டுகிறது. ஹோர்ன் கத்துகிறது. வயர்கள் தொங்குகிறதா என்று ஒரு பார்வை. பாஸ். இவை எரிவதற்கான மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் அவர் கேட்பதில்லை. அடுத்தவர் வருமானத்தைப் பற்றி விசாரிப்பது ஆங்கில நாகரிகம் இல்லை என்பதால் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதுதான் முழுக் கதையும். எஞ்சினின் பக்க மூடிக்குள் ஸ்ரேற்றர் என்கிற செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. எங்கள் மெக்கானிக்மார் சுருக்கமாகக் கொயில் என்பார்கள். கிராங்கோடு சேர்ந்து காந்தச் சில்லு சுழல, அந்தச் சுருளில் ஆடலோட்டம் பிறக்கிறது. பல யப்பான் வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர்களில் வெளியே வரும். ரெக்ரிஃபயர் அதை நேரோட்டமாக்கி, பற்றரிக்கு ஏற்ற அளவில் அனுப்புகிறது. பல வண்டிகளில் மிஞ்சுகிற மின்சாரத்தைச் சூடாக்கிக் கழிப்பதும் அதன் வேலை. அதனால்தான் அந்த அலுமினியப் பெட்டிக்கு விலா எலும்பு மாதிரி வரிவரியாகச் செதில் வைத்திருக்கிறார்கள். சூடு கூடினால் ரெக்ரிஃபயர் போகும். மஞ்சள் வயர்கள் சேருகிற பிளக்கில் துரு ஏறினால் பிளக் உருகும். கொயிலின் பூச்சு கருகினால் கொயில் போகும். எது போனாலும் லைற் உடனே அணையாது. பற்றரியில் மிச்சம் உள்ளவரைக்கும் எல்லாம் எரியும். உங்கள் பரிசோதகர் பார்ப்பது அந்த மிச்சத்தை. தண்ணி ராங்கி நிறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கிணற்றையும் மோட்டரையும் எட்டிப் பார்க்காமல் படலை தாண்டிப் போகிற உத்தியோகத்தர் எங்கள் ஊரிலும் இருந்தார்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க விண்வெளி நிலையம் வேண்டியதில்லை. பற்றரியின் இரண்டு முனையிலும் ஒரு மீற்றரை வைக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி ஓய்வில் நிற்கும்போது நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். எஞ்சினை முறுக்கிப் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறாமல் 12இலேயே குந்தியிருந்து கீழே வழிந்தால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டி ஓடினால் பற்றரி வேகிறது, பல்ப் போகப்போகிறது. குட்மேய்ஸில் எந்த மெக்கானிக் தம்பியைக் கேட்டாலும், கை துடைத்துக்கொண்டே, “அண்ணை, பற்றரியில பிழை இல்லை, சார்ஜ் ஏறேல்ல” என்று தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுவான். உங்கள் சோதனையில் இந்த அளவை இல்லை. முதல்நாள் இரவு சுவர்ப் பிளக்கில் போட்டுச் சார்ஜ் ஏற்றிய பற்றரியோடு, கொயில் செத்த வண்டியொன்று காலையில் உங்களிடம் மரியாதையாகப் பாஸ் ஆகலாம்.

பிறகு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கார்த்திகை மாத மழை. பார்லி லேன் முடிகிற இடத்தில் ஏ12, அதாவது ஈஸ்டேர்ன் அவெனியூ. பெடியன் சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அதில் ஏறுகிறான். முதலில் சிக்னல் சோம்பல் பிடிக்கிறது. பிறகு ஏ.பி.எஸ். எச்சரிக்கை லைற் வருகிறது. அதுவும் மின்சாரம் தின்கிற பிறவிதானே. முன் லைற் மஞ்சளாகிறது. ராங்கில் பெற்றோல் தளும்புகிறது, ஆனால் அதை எஞ்சினுக்குத் தள்ளுகிற பம்புக்குச் சக்தி இல்லை. கார்புரேற்றர் வண்டியென்றால் இன்னும் கொஞ்சத் தூரம் இழுத்திருக்கும், உதைத்தோ தள்ளியோ திரும்ப எழுப்பியிருக்கலாம். இது நின்றால் நின்றதுதான். பின் சிவப்பு இல்லாமல், பிரேக் லைற் இல்லாமல், கறுத்த மழைச் சட்டையோடு ஒரு மனிதன் லொறிகளுக்கு முன்னால் நிற்கிறான்.

பதற வேண்டாம், அதற்கும் நீங்கள் வழி சொல்லியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலைக் கோவை, விதி 274. வண்டி பழுதாகி இடைஞ்சலாக நின்றால் அபாய விளக்குகளைச் சிமிட்டவிடு என்கிறது. இருட்டென்றால் பக்க விளக்குகளை எரியவிடு என்கிறது. மின்சாரம் இல்லாததால் நின்றுபோன வண்டிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரையை யாரும் எழுதியிருக்க முடியாது. முடிந்தால் குறைந்தது 45 மீற்றர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவும் சொல்கிறீர்கள். பிரியாணிப் பெட்டிக்குள் முக்கோணமும் கொண்டு திரிகிற பெடியனை நான் இன்னும் காணவில்லை. காணும்போது அறிவிக்கிறேன். பார்லி லேனிலேயே கிங் ஜோர்ஜ் ஆஸ்பத்திரி இருப்பது எங்கள் ஊருக்கு ஓர் ஆறுதல்.

உங்கள் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் வேறு. முன்னும் பின்னும் லைற்றே இல்லாத, அல்லது அவற்றை நிரந்தரமாகத் துண்டித்த, அல்லது பூசி மறைத்த மோட்டார் சைக்கிளுக்கு லைற் சோதனையே கிடையாது. பகலிலே, வெளிச்சம் நன்றாக உள்ளபோது மட்டும் ஓடலாம் என்று ஒரு குறிப்போடு பாஸ். மார்கழியில் இலண்டனில் பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. நாலு மணிக்கு முன்னமே பொழுதுபடுகிறது. அப்படியிருந்தும் லைற் ஒன்று பழுதாயிருந்தால் பெயில், லைற்றே இல்லாவிட்டால் பாஸ் என்று எழுதிய கைக்கு ஒரு தனித் துணிவு உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்த நாங்கள், பாடத்துக்கே போகாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது விளங்குகிறது. இதற்கு மேலே, 2018 வைகாசியிலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத 40 வயது தாண்டிய வண்டிக்குச் சோதனையே தேவையில்லை. வயர்களின் உறை வெடித்து உதிர்கிற வயது அதுதான் என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இதைப் படித்துவிட்டு, அகதியாக வந்தவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கக்கூடும். ஆகையால் எங்கள் தகுதியை ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போய்விட்டது. பற்றரி தடைசெய்த சாமான். ரோச் லைற்றுக்குப் போடுகிற சின்னப் பற்றரிகூட. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டோம். ஒருவர் சுற்ற, நாலு வீட்டார் காதை நீட்டியிருப்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். அப்படிக் கேட்டது எங்கேயிருந்து வந்த செய்தியை? இலண்டன் புஷ் ஹவுஸிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையை. பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் கார்புரேற்றரில் பீச்சி எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியதும் இதே ஆட்கள்தான். மின்சாரம் ஏதோ ஒன்று சுற்றினால்தான் வரும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயதில் தெரியும். டைனமோச் சில்லு ரயரில் சரியாக முட்டுகிறதா என்று பார்க்காமல் பல்ப்பை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் அம்மம்மா தலையில் குட்டியிருப்பா.

உங்கள் நாட்டுக்கும் இந்த அனுபவம் புதிதில்லை. பேர்மிங்காம் லூக்காஸ் கம்பனி 1879இல் சைக்கிள் விளக்குக்கு ‘வீதியின் அரசன்’ என்று பெயர் வைத்தது. பின்னாளில் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அந்தக் கம்பனிக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் கட்டினார்கள். அரசர் இளவரசராக இறங்கிய சரித்திரம் இது.

பராமரிக்காதவன் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகவும் ஏலாது. 2011இல் சுசுக்கி கம்பனி அமெரிக்காவில் மட்டும் 73,000க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைத் திருப்பி அழைத்தது. காரணம் ரெக்ரிஃபயருக்குள் ஒட்டியிருந்த பசை. அது விட்டுப்போனால் சூடு வெளியேறாது, சார்ஜ் ஏறாது, வண்டி ஓடும்போதே நிற்கக்கூடும். 2021இல் சென்னையிலிருந்து றோயல் என்ஃபீல்ட் 2,36,966 வண்டிகளைத் திருப்பி அழைத்தது. அது ஸ்ரேற்றர் இல்லை, இக்னிஷன் கொயில் பழுது. அரிதாக மின்ஒழுக்குக்கும் இடமுண்டு என்று கம்பனியே சொன்னது. பிறந்தது இங்கிலாந்தின் றெடிச்சில், 1955இலிருந்து வளர்ந்தது மதராஸில் என்பதால் அந்தக் கம்பனி இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். தொழிற்சாலையில் பிழைக்கிற சாமானை ஓட்டுகிறவன் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது.

இங்கே ஹை ரோட்டில் கடை வாசல்களில் எல் பலகை போட்ட 125 சி.சி. வண்டிகளோடு நிற்கிற பெடியளுக்காகத்தான் இந்தக் கடிதம். சி.பி.ரி. என்கிற அடிப்படைப் பயிற்சியை முடித்து, அந்த இரண்டு வருடத் தாளோடு தொழில் செய்கிறார்கள். மோட்டர்வேயில் அவர்களுக்கு அனுமதியில்லை. ஏ12இல் தாராளமாக உண்டு. கைபேசிச் சார்ஜரும், குளிருக்குச் சூடாக்குகிற கைபிடியும், எந்நேரமும் எரிகிற முன் லைற்றுமாக அந்தச் சின்னக் கொயிலைப் பிழிகிறார்கள். சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று நின்று ஓடுகிற எஞ்சின் அவ்வளவையும் நிரப்பாது. வண்டி நின்றால் அன்றைய கூலி போகும், அதனால் லைற் மங்கினாலும் இன்னும் ஒரு ஓடர் பார்க்கலாம் என்றுதான் ஓடுவார்கள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் சோதனைக் கையேட்டில் ஒரு பந்தி சேருங்கள்: எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் வோல்ற் அளவு பார்க்க வேண்டும், சார்ஜ் ஏறாவிட்டால் பெயில். விதி 274இல், மின்சாரம் போய் நின்ற வண்டிக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். முதலில் தன்னை வீதியிலிருந்து அப்புறப்படுத்திக்கொள் என்று தொடங்கினாலே போதும். லைற்றே இல்லாத வண்டிக்கான சலுகையை, மார்கழி மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் ஹை ரோட்டில் வந்து நின்று பார்த்துவிட்டு மறுபரிசீலனை செய்யுங்கள்.

இப்படிக்கு,
குட்மேய்ஸ்வாசி ஒருவன்.

பி.கு.: ஒரு சாதாரண மீற்றர் 10 பவுணுக்குக் கிடைக்கிறது. சோதனை நிலையங்களால் அதைத் தாங்க முடியாதென்றால் கட்டணத்தை 30 பவுணாக்குங்கள். அந்த 35 பென்சைத் தர நாங்கள் தயார்.