மூஞ்சூறுக்கு விருந்து வைக்கும் ராஜா

கேள்வி: கினபாலு மலையில் குடுவைத் தாவரங்களைத் தேடிப்போனால் கண்ணில் படுமா?

பதில்: படும், தலையைக் குனிந்து நடந்தால்! போர்னியோவின் இந்த மலையில், 1,500 மீட்டருக்கு மேல், மூடுபனி நனைக்கும் சத்தில்லாத மண்ணில் நெப்பந்தஸ் ராஜா என்னும் குடுவைத் தாவரம் தரையோடு சாய்ந்து கிடக்கும். கருஞ்சிவப்புக் குடுவை; பெரியதில் மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும். வீட்டுச் செம்பைவிடப் பெரிது! குடுவையைத் தேடிப் பூச்சி மட்டுமா வரும்? மர மூஞ்சூறும் வரும். மூடியின் அடியில் ஊறும் தேனை, விளிம்பில் உட்கார்ந்து நக்கும். நக்கியபடியே குடுவைக்குள் எச்சமிடும். அதிலிருந்தும் செடிக்கு நைட்ரஜன் கிடைக்கும். இலையிலேயே பந்தியும் கழிப்பறையும் வைத்த கெட்டிக்காரச் செடி! கண்டால் கும்பிடுங்கள், தயவுசெய்து பறிக்காதீர்கள். ராஜா வளர்வது கினபாலுவிலும் பக்கத்துத் தம்புயுகோன் மலையிலும் மட்டும்தான்.