வழுக்காத நாக்கு

‘போட் மெயில்’ என்பதை ஓர் ஆங்கிலேயர் வாயால் கேட்க வேண்டும். ‘போ’வில் ஏறிய நாக்கு ‘உ’வில் போய் இறங்கும். ‘மெ’யில் ஏறியது ‘இ’யில் இறங்கும். இப்படி ஓர் உயிரில் புறப்பட்டு மூச்சு விடாமல் இன்னோர் உயிருக்கு வழுக்கிப் போகிற ஒலியைக் கூட்டுயிர் என்பார்கள். தமிழில் அதற்கென்று ஐ, ஔ என்று இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் எழுத்தே கிடையாது, வழுக்கல் மட்டும் எட்டு என்று பாடப்புத்தகம் கணக்குச் சொல்லும்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து ரயில், பிறகு கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில்; அதற்குத்தான் ‘போட் மெயில்’ என்று பெயர். அந்தப் பயணத்தோடு இந்த இரண்டு வழுக்கலும் எங்கள் மன்னார்த் தீவில் வந்து இறங்கின. எங்கள் சனம் இரண்டையும் தட்டி நிமிர்த்தி, போட்டென்றால் போட், மெயிலென்றால் மெயில் என்று நேராக்கிவிட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அடித்துக்கொண்டு போனது. நாங்கள் நேராக்கிய உச்சரிப்பை அதால் அசைக்க முடியவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேயரும் ஒருகாலத்தில் ‘போட்’டை நேராகத்தான் சொன்னார்கள். ஸ்கொட்லாந்தில் இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே எங்கள் தீவின் பேசாலையில் ஒருவர் “போட் வந்துட்டுது” என்றால் அது ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பு. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் அதையே “போஉட்” என்று சொன்னபோது என் சின்னம்மா, “ஏன் ராசா வாயைச் சுழிக்கிறாய், பல்லுக் கொதியோ?” என்று கேட்டார்.

நிமிர்த்துகிற வேலையை ஆங்கிலேயர் வருமுன்பே தொடங்கிவிட்டோம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். அவர்கள் மொழியில் ஏலத்துக்கு ‘லெய்லவ்ங்’ என்பது போல ஒரு சொல். முன்னால் ஒரு வழுக்கல், பின்னால் மூக்கால் இன்னொரு வழுக்கல். நாங்கள் அதை வாங்கி, இரண்டு வழுக்கலையும் கழற்றி, கை வைத்தது வைத்ததுதானே என்று தொடக்கத்தில் நின்ற லகரத்தையும் பிடுங்கிப் போட்டோம். மிஞ்சியதுதான் ஏலம். அதே மூக்கு வழுக்கலோடு வந்த ‘பொத்தவ்ங்’ பொத்தான் ஆனது. அதையும் தமிழ்நாட்டுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ‘தெறி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், போர்த்துக்கேயர் நேராகச் சொன்னவற்றுக்கு நாங்கள் வளைவு வைத்தோம். ‘மேஸா’ மேசையாயிற்று. ‘கோப்பு’ கோப்பையாயிற்று. வளைந்ததை நிமிர்த்து, நிமிர்ந்ததை வளை. இது எந்த இலக்கணத்தில் வரும் என்று புலவர்களைத்தான் கேட்க வேண்டும்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களுடைய ‘வீடு’ என்ற சொல்லில் ஒரு கூட்டுயிர் இருக்கிறது. உதட்டைக் குவித்து, நாக்கை முன்தள்ளி, புளியங்காய் கடித்த முகத்தோடு சொல்ல வேண்டும். அந்தச் சொல் ஒட்டிய ஒரே ஒரு வீட்டைத்தான் நாங்கள் ஏற்றுக்கொண்டோம்: கக்கூசு. அவசரமாகப் போகிற இடம். அங்கே போய் முகத்தைச் சுளித்து இரண்டு உயிரை உச்சரிக்க யாருக்கு நேரம்?

வந்தவர்களில் வழுக்கலைக் கைவிடாதவை கழுதைகள் மட்டும்தான். அரபு வணிகரோடு வந்தவை என்று ஊரில் சொல்வார்கள். மன்னார் நகரத்தில் தெருவுக்குத் தெரு நின்று, மூச்சை இழுக்கும்போது ‘ஈ’, விடும்போது ‘ஆ’ என்று முழங்கும். அதுவும் இலக்கணப்படி செல்லாது. கூட்டுயிருக்கு ஒரே மூச்சு வேண்டும்.

இலக்கணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐ, அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔ என்று தொல்காப்பியர் அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டார். பிறகு நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர், சொல்லின் இடையிலும் கடைசியிலும் ஐகாரத்துக்கு ஒரு மாத்திரைதான் என்று பங்கீட்டு அட்டை கொடுத்தார். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். பவணந்தி முனிவர் பேசாலைக் கரையில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்ததில்லை. எங்கள் மீன்களில் பாதி ஐகாரத்தில் முடிகின்றன: சூடை, பாரை, திருக்கை, சாளை. ஏலம் கூறுகிறவர் “சூடை” என்று தொடங்கினால் அந்த ஐகாரம் கரை முழுக்க ஓடி, வலை காயப்போட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்வரை நீங்கள் பத்துத் தரம் கண்ணை இமைக்கலாம். மறுபக்கத்தில் பஸ் கொண்டக்டர் “தலமன்னார், தலமன்னார்” என்று கூவி, இடையில் கிடைத்த அந்த ஒரு மாத்திரையிலும் வழுக்கலைச் சுரண்டி எடுத்துவிடுகிறார். வரவும் செலவும் சரி.

ஐகாரத்தில் எங்களுக்கும் அக்கரைக்கும் உள்ள வழக்குத்தான் பெரிது. நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்க் கடல். அந்தப் பக்கம் பேச்சில் மலை ‘மலெ’ ஆகிறது, இலை ‘எலெ’ ஆகிறது; எழுத்தில் இருக்கிற ஐகாரத்தை வாயில் காணோம். இந்தப் பக்கம் எழுத்தில் இல்லாத ஐகாரத்தை வாயில் வைத்திருக்கிறோம். இங்கே என்பது ‘இஞ்சை’, அங்கே என்பது ‘அங்கை’, அண்ணன் என்றால் ‘அண்ணை’. அவர்கள் தொலைத்ததெல்லாம் பாக்குநீரிணை வழியாக எங்கள் பக்கம் ஒதுங்கியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இராமேசுவரத்தில் எனக்கு ஒரு மைத்துனர் இருக்கிறார். போனில், “எங்கே இருக்கீங்க மச்சான்?” என்றார்.

“வீட்டை” என்றேன்.

“வீட்டை?”

“ஓம், வீட்டை.”

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கவலையோடு, “வீட்டை என்ன பண்ணினீங்க? வித்துட்டீங்களா?” என்றார். வீட்டில் என்பதைத்தான் நாங்கள் வீட்டை என்போம் என்று நான் விளக்கி முடிக்க, அவருடைய காசில் கால் மணி நேரம் போயிற்று. “அப்போ வீட்டை வித்தா என்ன சொல்வீங்க?” என்று கேட்டார். வீட்டை வித்தாச்சு என்றுதான் சொல்வோம் என்றதும் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. கடலுக்கடியில் ஏதோ கோளாறாக இருக்கும்.

சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். எங்கள் ஐயாவும் அவர்களின் அய்யாவும் காதுக்கு ஒன்றேதான். ஆளுக்குத்தான் முப்பது வயது வித்தியாசம். போரில் நின்றுபோய் 2015இல் திரும்பவும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் நானும் மனைவியும் கொழும்புக்குப் போனோம். மதவாச்சியில் ஏறிய ஒரு சிங்களப் பெடியன் என்னைப் பார்த்து “அய்யே” என்று கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கையால் காட்டினான். நான் தாராளமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

“நல்ல மரியாதையான பிள்ளை, ஐயா எண்டு கூப்பிடுறான்” என்றாள் மனைவி.

“அது ஐயா இல்லை. அண்ணை எண்டு கூப்பிடுறான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் என் தலையை ஒருமுறை பார்த்தாள், பிறகு பெடியனைப் பார்த்தாள்.

“பாவம், இந்த வயசிலேயே கண் தெரியேல்லைப் போல. யன்னல் கரையை அவனுக்கு விடுங்கோ.”