எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது

ஜவ்வாது மலையில் வீடு வீடாக நோட்டீஸ் போடப் போகிறவன் முதலில் நல்ல செருப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும். அடிவாரத்துப் போளூரிலும் ஆலங்காயத்திலும் கவலையில்லை. பேப்பர் போடும் பையனிடம் கட்டைக் கொடுத்தால், பேப்பருக்குள் செருகி, காம்பவுண்டுக்கு மேலே வீசி, டிபனுக்கு முன் வேலையை முடித்துவிடுவான். மலைமேல் கதையே வேறு. ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஏற்றம், ஓர் ஓடை, ஒரு சாமைக் கொல்லை, கடமை தவறாத இரண்டு நாய்கள். நம்மியம்பட்டில் கொடுக்கத் தொடங்கி நெல்லிவாசலில் முடிப்பதற்குள் ஆடித் தள்ளுபடி போய் தீபாவளித் தள்ளுபடி வந்துவிடும்.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தவன் நன்னன். செங்கம் வட்டாரத்துக் குறுநில மன்னன். தொழில், கூத்தருக்கும் பாணருக்கும் பொன்னும் பொருளும் கொடுப்பது. விளம்பர வாசகம் எழுதியவர் பெருங்கௌசிகனார். நோட்டீஸின் பெயர் மலைபடுகடாம். அளவு 583 அடி. இன்றைக்கு இதை ஒரு பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனால், "சார், இது பிட் நோட்டீஸா, தல புராணமா?" என்றுதான் கேட்பார்கள்.

உத்தி எளியது. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், காய்ந்த வயிற்றோடு எதிரே வருகிற இன்னொரு கூத்தனை நிறுத்தி வழி சொல்கிறான். எந்த ஊரில் தங்கலாம், யார் வீட்டில் இறைச்சியும் தினைச்சோறும் போடுவார்கள், எங்கே மூங்கில் குழாயில் ஊறிய கள் கிடைக்கும் என்று பட்டியல் போகிறது. வீடு தேடிப் போகும் செலவு மன்னனுக்கு மிச்சம். கையில் பரிசோடு நடந்து போகிறவனே நோட்டீஸ்!

அதைவிட ஆச்சரியம், அந்த நோட்டீஸில் இருந்த நேர்மை. பாறை வழுக்கும், பாம்பு இருக்கும், பன்றிக்கு வைத்த பொறியில் நீ மாட்டிக்கொள்வாய், யானையை விரட்டக் கவணில் எறிகிற கல் உன்மேல் விழலாம், மரத்தின் பின்னால் ஒளிந்து ஒளிந்து போ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவைத்தார் கௌசிகனார். இன்றைக்கு எந்த ரிசார்ட்காரராவது ‘வரும் வழியில் மண்டையில் கல் விழும்’ என்று அச்சடிப்பாரா? ‘இயற்கை எழில் கொஞ்சும் சூழலில்’ என்று போட்டுவிட்டு, அட்டைப்பூச்சி சமாசாரத்தை நாமே கண்டுபிடித்துக்கொள்ள விட்டுவிடுவார்.

நன்னன் காலம் போனபின் விளம்பரம் கல்லுக்கு மாறியது. செங்கம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் நடுகல். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே போட வேண்டியதாயிற்று. வாசகத்துக்கு ஓர் அச்சு உண்டு. எந்த ராஜா, எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய மாட்டை யார் ஓட்டிப்போனது, மீட்கப் போய்ச் செத்தவன் யார். எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனோடு அவன் நாய்க்கும் இடம் உண்டு. கள்ளனைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். நம் கடைத் திறப்பு விழா நோட்டீஸில் மாமனார், சகலை, வார்டு கவுன்சிலர் என்று முப்பது பெயர் இருக்கும். ராத்திரி முழுக்கக் கடை வாசலில் காவல் கிடக்கிற நாயின் பெயர் மட்டும் இருக்காது. கல் நோட்டீஸில் யாரும் போண்டா மடித்துக் கொடுக்க முடியாது என்பது கூடுதல் வசதி. கதவிடுக்கில் செருகவும் முடியாது என்பதுதான் சங்கடம்.

செருகுவதற்குத் தோதான காகிதத்தைக் கொண்டுவந்தவர் தரங்கம்பாடியில் கடை விரித்த பாதிரியார் சீகன்பால்க். 1713இல் அவர் அச்சடித்த சிறு பிரசுரத்தின் பெயர் ‘அக்கியானம்’. சாரம் இவ்வளவுதான்: இப்போது உங்களிடம் இருப்பது சரியில்லை, எங்களிடம் வாருங்கள். சோப்பு, ஷாம்பு, செல்போன் எதுவானாலும் இன்றுவரை விளம்பரத்தில் இதைத் தாண்டி ஒரு வரி யாரும் எழுதிவிடவில்லை. எதிர்க்கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1887இல் சென்னையில் இந்து டிராக்ட் சொசைட்டி தொடங்கி, துண்டுப் பிரசுரத்துக்குத் துண்டுப் பிரசுரமாகவே பதில் போட்டார்கள். இரண்டு தரப்புக்கும் இடையில் காகித வியாபாரி செழித்தார்.

கொஞ்ச நாளில் வெறும் காகிதத்துக்கு ஜனங்கள் மசியவில்லை. தலைவலித் தைலம் விற்ற காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அமிர்தாஞ்சனத்தைக் கச்சேரிகளில் சும்மாவே கொடுத்தார். எந்தப் பாடகர் பாடும்போது கொடுத்தார் என்பதை வரலாறு நாகரிகமாக மறைத்துவிட்டது. தேயிலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1903இல் தேயிலைக்குத் தீர்வை போட்டுப் பணம் திரட்டி, 1930களில் வீடு வீடாக ஆளை அனுப்பி, டீ போட்டுக் காட்டிக் குடிக்கவும் வைத்தார்கள். நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஓசியில் வந்ததுதானே என்று ஒரு வாய் குடித்தார்கள். அதற்கான பில்லை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நோட்டீஸுக்குப் பொற்காலம் டூரிங் டாக்கீஸ் காலம்தான். இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி, முன்னால் தப்பட்டை, பின்னால் தெருப் புழுதி அத்தனையும் கிளப்பிக்கொண்டு பிள்ளைகள். வண்டிக்காரர் ரோஸ் கலர் காகிதத்தை அள்ளி வீசுவார். அது எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது. ஒருவன் டவுசர் பையில் ஒன்பதும், அவன் தம்பி கையில் பாதி கிழிந்த ஒன்றும் இருக்கும். கதைச் சுருக்கம் சரியாகக் கதாநாயகி ஆற்றில் விழும் இடத்தில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். மூலம், பவுத்திரக்காரர்களும் அதே ரோஸ் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கதைச் சுருக்கத்துக்கு மீதி வைக்க வேண்டாமென்றுதானோ என்னவோ, 1954இல் அற்புத மருந்து விளம்பரங்களுக்கு எதிராகவே ஒரு சட்டம் வந்தது.

மலைமேல் இந்த ஆட்டம் எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிற கடை ஒன்று உண்டு. காவலூர் வானாய்வகம். 1977இல் யுரேனஸின் வளையங்கள் பிடிபட்டபோது கண் வைத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டிய ஒரே மூலப்பொருள் இருட்டு. பக்கத்தில் யாராவது சீரியல் பல்பு போட்டு போர்டு வைத்தால் வியாபாரம் படுத்துவிடும். ஜவ்வாது மலையை உலகம் அறியச் செய்த கடைக்கு விளம்பர விளக்குதான் ஜென்ம விரோதி.

காகித நோட்டீஸின் சிகரம் எதுவென்றால், கோயில் பாம்பு நோட்டீஸ். ஏதோ ஒரு கோயிலில் பாம்பு வந்து அர்ச்சகரிடம் பேசியது. இதை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது. அலட்சியமாகக் கிழித்தவர் ரத்தம் கக்கினார். விற்பனைக்குப் பொருள் இல்லை, கடை இல்லை, முதலாளி இல்லை. ஆனாலும் ஊரே கைக்காசைப் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. பாம்புக்கு என்ன லாபம்? அர்ச்சகருக்கு என்ன லாபம்? லாபம் யாருக்கென்று தெரிய, காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பார்க்க வேண்டும். அச்சிட்டவர் பெயரும் ஊரும் எந்தப் பிரசுரத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று 1867இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். மேலே இருப்பது நிஜமா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பாம்பு பேசலாம், ‘அசல் மலைத்தேன்’ பாகாக இருக்கலாம், ‘இன்றே கடைசி’ மாதக் கணக்கில் ஓடலாம். பிரஸ்ஸின் பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை இருக்காது.