ஒட்டவும் வெட்டவும் ஒரே சொல்

கே: ஆங்கிலத்தில் 'க்ளீவ்' என்றால் ஒட்டுவதா, வெட்டுவதா? அகராதியில் இரண்டுமே போட்டிருக்கிறதே!

ப: இரண்டும்தான். பழைய ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு சொற்கள். 'க்ளிவியன்' என்றால் ஒட்டிக்கொள்வது; 'க்ளேயோவன்' என்றால் பிளப்பது. வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்து, இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. முகச்சாயல் ஒன்று, உறவு ஏதுமில்லை. கறிக்கடையில் எலும்பை நறுக்கும் பட்டைக் கத்தி 'க்ளீவர்' ஆனது பிளக்கிற சொல்லிலிருந்து. பூண்டுப் பல் 'க்ளோவ்' ஆனதும் அந்த வழியில்தான். பூண்டு பல் பல்லாகப் பிளந்து வருகிறதல்லவா? அதே எழுத்துகளில் எழுதப்படும் கிராம்புக்கு அந்த உறவு கிடையாது. அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துப் பாருங்கள், கொண்டை வைத்த குட்டி ஆணியேதான்!

கே: அப்படியானால் படிக்கும்போது எப்படித்தான் பிரித்தறிவது?

ப: பின்னால் 'டு' அல்லது 'அன்டு' வந்தால் ஒட்டுதல். அது இல்லாமல் நேரே ஒரு பொருள் வந்தால் வெட்டுதல். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் ஆதியாகமத்திலேயே இரண்டும் இருக்கின்றன. 2-ஆம் அதிகாரத்தில் கணவன் மனைவியோடு ஒட்டியிருப்பதற்கும் இந்தச் சொல். 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்கு விறகு பிளப்பதற்கும், இறந்தகால வடிவில், இதே சொல். மனைவிக்கு முன்னால் 'அன்டு' இருக்கிறது, விறகுக்கு இல்லை. அந்தச் சின்னச் சொல்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது!

கே: 'போல்ட்' கூட இந்த ரகமா?

ப: கதவைத் தாழிடுவதும் போல்ட், குதிரை மிரண்டு ஓடுவதும் போல்ட். ஆனால் இங்கே வேர் ஒன்றே: குறுக்குவில்லில் வைத்து எய்யும் குட்டை அம்பு. தாழ்ப்பாள் அதன் உருவத்தை எடுத்துக்கொண்டது, குதிரை அதன் வேகத்தை.

கே: 'க்ளிப்'?

ப: காகிதங்களைச் சேர்த்துப் பிடிப்பது, பழைய ஆங்கிலத்தில் தழுவுதல் என்ற சொல். முடியை நறுக்குவது, வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியின் சொல்.

கே: நல்ல வேளை, தமிழில் இந்தத் தொல்லை இல்லை!

ப: குழந்தையை அணைக்கிறோம், விளக்கையும் அணைக்கிறோம். என்றைக்காவது குழம்பியிருக்கிறோமா? பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களே, சொல்லையும் பொருளையும் மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு உருப்போடச் சொல்லாதீர்கள். கூடவே ஒரு வாக்கியமும் கொடுங்கள்.