மூடியதிகாரம்: உணவுச் சூடு ஆறாமை பற்றிய ஓர் ஆய்வு

சமைத்த உணவு அடுப்பை விட்டு இறங்கியபின், உண்ண வேண்டியவர் வந்து சேரும்வரை அதன் சூட்டைத் தாங்கி நிற்கும் ஏனங்களே இவ்வாய்வின் பொருள். இவை மூவகைப்படும்: சூட்டைக் காப்பன, சூட்டை உண்டாக்குவன, இரண்டும் செய்யாதன. பிளாஸ்க்கும் ஹாட்பேக்கும் முதல் வகை. எலெக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸ் இரண்டாம் வகை. டிபன் கேரியர் மூன்றாம் வகை. வீட்டில் மூத்தது என்பதால் மட்டுமே பட்டியலில் இடம்பெறுகிறது. தூக்குவாளியை இவற்றுள் எதில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விரிப்பின் பெருகும்.

வரலாற்றிலிருந்து தொடங்குவது ஆய்வு முறை. படிப்பவர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவதும் முறையே. 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், கொதிக்கும் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடினால் அடுப்பில்லாமலே வெந்து முடியும் நார்வே நாட்டுப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் எரிபொருளை மிச்சப்படுத்த வைக்கோல் அடைத்த பெட்டியில் இதே வேலையைச் செய்தார்கள். இவற்றுக்கிடையே, 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களைக் குளிர்ச்சி கெடாமல் வைத்திருக்க இரட்டைச் சுவர்க் குடுவை செய்து, சுவர்களுக்கு நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். காப்புரிமை மட்டும் வாங்கவில்லை. ஜெர்மனியின் ரெய்ன்ஹோல்டு புர்கர் அதற்கு உலோக உறை மாட்டி 1903இல் காப்புரிமை வாங்கினார். மறு ஆண்டே தெர்மாஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் உழைக்க அட்டையில் இன்னொருவர் பெயர் வருவது அன்றே வழக்கில் இருந்தது என்பதற்கு இது சான்று. பல்கலைக்கழகங்கள் பின்னர் அதைச் செம்மைப்படுத்தியுள்ளன.

எப்பொருளையும் ஐந்திணைக்குள் அடக்காமல் தமிழில் முனைவர் பட்டம் பெறுவது அரிது என்பதால், அப்பகுப்பும் இங்கே தரப்படுகிறது. பிளாஸ்க்: நிலம் ஆஸ்பத்திரி வார்டு, உணவு சர்க்கரை போடாத பால், உரிப்பொருள் இருத்தல், எனவே முல்லை. ஹாட்பேக்: நிலம் சாப்பாட்டு மேசை, பொழுது இரவு ஒன்பதரை, உரிப்பொருள் ஊடல், எனவே மருதம். எலெக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸ்: நிலம் ஆபீஸ், பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல்; எனவே பாலை. டிபன் கேரியர்: நிலம் ரயில் பெட்டி, உரிப்பொருள் குழம்பு பையில் கொட்டியமையால் இரங்கல், எனவே நெய்தல். குறிஞ்சிக்கு ஏனம் அகப்படவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆய்வு நிறைவுறாது என்பதால், புதுமணத் தம்பதிக்குப் பரிசாக வந்த ஹாட்பேக் அங்கே எடுத்து வைக்கப்பட்டது. நிலமும் பொழுதும் பொருந்தாத இடங்களில் திணைமயக்கம் என்று எழுதிக்கொள்ளலாம். நெறியாளர் அதற்குமேல் கேட்பதில்லை.

இனி ஹாட்பேக்கின் அமைப்பு. உள்ளே ஸ்டீல் பாத்திரம், வெளியே பிளாஸ்டிக், நடுவே பாலியூரித்தேன் நுரை. நுரையின் நுண்ணிய அறைகளில் அடைபட்ட வாயு அசைய முடியாமல் நிற்பதால் சூடு மெல்லத்தான் கடக்கிறது. பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, சுற்றுப்புறத்தோடு எவ்வளவு வேறுபாடோ, அதற்கேற்ப ஆறும் வேகமும் கூடும் என்று நியூட்டன் 1701இல் எழுதினார். அக்கட்டுரையைத் தம் பெயர் போடாமலே வெளியிட்டார். பதவி உயர்வுக்கு மதிப்பெண் எண்ணும் முறை அப்போது வந்திருக்கவில்லை. நிறைய வைத்தால் நெடுநேரம் சூடு நிற்கும். பெரிய ஹாட்பேக்கில் நாலே இட்லி வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். உணவை வைக்குமுன் வெந்நீர் ஊற்றி மூடிவைத்துக் கொட்டிவிட்டால், ஸ்டீல் குடிக்கிற சூட்டை வெந்நீரே கொடுத்துவிடும். இந்த ஒரு வரி மட்டும் நடைமுறைக்குப் பயன்படுவது. ஆய்வுக் கட்டுரையில் அது இடம்பெற நேர்ந்ததற்கு வருந்துகிறோம் என்று பதிப்பாளர் குறிப்பு எழுதுவது மரபு.

சூட்டின் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். சமைத்த உணவு பரிமாறும்வரை 60 பாகை செல்சியஸுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குக் கீழே கிருமிகளுக்கு வசதி. குறிப்பாகச் சோற்றில், கொதித்தும் சாகாத வித்துகளிலிருந்து மீண்டும் முளைக்கும் பேசில்லஸ் வகை உண்டு. வீடுகளில் வெப்பமானியாகப் பயன்படுவது ஆள்காட்டி விரல். குழம்பில் அதைத் தோய்த்து, நாக்கில் வைத்து, 'இன்னும் சூடாத்தான் இருக்கு' என்று ஒருவர் நிதானமாகச் சொல்கிறார் என்றால், குழம்பு அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள். 60 பாகையில் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. தேங்காய்ச் சட்னியை ஹாட்பேக்கில் வைத்தல் கூடாது, ஊசிப்போகும். தயிர்சாதமும் அவ்வாறே.

அடுத்து, இத்துறையின் மையச் சிக்கலாகிய மூடி வேர்த்தல். இட்லியிலிருந்து கிளம்பும் ஆவி மேலே போகிறது. மூடியின் அடிப்பரப்பு இட்லியைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஆவி அங்கே நீராகிறது. நீர் முதலில் பனிபோல் படர்ந்து, பிறகு மணிகளாகத் திரண்டு, மூடியின் நடுவே கொஞ்சம் தாழ்ந்த இடத்துக்கு ஊர்ந்து வந்து, அங்கே ஒரு நொடி தயங்கி, நேர் கீழே உள்ள இட்லியின் உச்சியில் விழுகிறது. அந்த இட்லி வழவழத்து, விரலில் ஒட்டி, விண்டால் மாவாகிறது. இதுவரை எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன. தீர்வில்தான் மூன்று கட்சிகள்.

துணிக்கட்சியார், மூடிக்கும் இட்லிக்கும் இடையே துணி விரிக்க வேண்டும் என்பர் (பாட்டி, வாய்மொழி). எத்துணி என்பதில் அவர்களுக்குள் தெளிவு உண்டு: நைந்த வேட்டியைக் கிழித்தது உத்தமம், கைத்துண்டு மத்திமம், பூத்துவாலை அதமம், இட்லியில் நூல் ஒட்டும் (மேலது). ஆனால் எங்கே விரிப்பது என்பதில் கட்சி பிளந்தது. மேல்துணியார் உச்சி இட்லிக்காக வழக்காடுவர். கீழ்துணியார், அடி இட்லியும் ஸ்டீலில் பட்டு நனைகிறதே, அதற்கு நாதி யார் என்பர் (மேலது, இம்முறை கோபத்துடன்). இருதுணியார் இரண்டையும் ஏற்பர். ஒரே நீளத் துணியை அடியில் விரித்து, இட்லியை அடுக்கி, மிச்சத்தை மேலே மடித்துப் போட்டால் மூன்று துணியார்க்கும் பொருந்தும் என்று வேலைக்கார அம்மாள் சொன்னதாக ஒரு குறிப்பு கிடைக்கிறது. சொன்னவர்க்கு ஆய்வுத் தகுதி இல்லாமையால் அது அடிக்குறிப்பிலும் சேர்க்கப்படவில்லை.

இலைக்கட்சியார், வாழையிலையே போதும் என்பர் (பெரியத்தை, கும்பகோணத்திலிருந்து கைபேசி வழியே, சிக்னல் விட்டுவிட்டு வந்தமையால் மேற்கோளின் நடுப்பகுதி சிதைந்துள்ளது). இலை நீரை உறிஞ்சாது, ஓரத்துக்கு உருட்டிவிடும். ஆகவே நடு இட்லி தப்பிக்கும், ஓர இட்லி மாட்டும். இதை இடமாற்றக் கொள்கை என்றே அழைக்க வேண்டும் என்பது துணிக்கட்சியின் மறுப்பு. மறுப்புக்கு மறுப்பாக, மணத்தைப் பேசுங்கள் என்றார் அத்தை. அதற்கு எவரிடமும் விடையில்லை.

ஆவிபோக்கிக் கட்சியார், இட்லியை வைத்தவுடன் மூடாமல் சற்று நேரம் திறந்துவைக்கச் சொல்வர் (எதிர்வீட்டு மாமி, படிக்கட்டு உரை, இரண்டாம் மாடித் திருப்பம், கையில் பால் பாக்கெட்டுடன், அதை மறுத்து அதே மாமி, லிஃப்டில், பால் பாக்கெட் இல்லாமல், இரண்டையும் தாம் சொல்லவே இல்லை என மீண்டும் அதே மாமி, மொட்டை மாடி, வடகம் காயும் பருவம்). இயற்பியல் இங்கே மாமிக்குப் பாதி சாதகம். நீர் ஒவ்வொரு கிராமும் ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பத்தைக் கூடவே எடுத்துப் போகிறது. ஆவியை விரட்டினால் நீர் சொட்டாது. ஆனால் எதைக் காக்க ஹாட்பேக் வாங்கினோமோ அதுவும் ஆவியோடு போய்விடும். காய்ந்த ஆறிய இட்லியா, நனைந்த சூடான இட்லியா என்ற இந்த இருமையில் கருத்தரங்குகள் நடத்தப் போதிய இடமுண்டு. மதிய உணவு ஏற்பாடு செய்பவர் ஹாட்பேக் கொண்டுவராமல் இருந்தால் சரி.

இத்தனை விவாதத்திலும் நனைந்த இட்லியைக் கடைசியில் யார் தின்றார்கள் என்ற தரவு விடுபட்டிருக்கிறது. எடுத்துப் பரிமாறும்போது அதை ஒதுக்கி, பிறகு தன் தட்டில் போட்டுக்கொண்டவர் சமைத்தவரே. கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புவது குடும்பத் தலைவர் என்பதால் இது பதிவாவதில்லை.

பிற பண்டங்கள்: சப்பாத்தி, துணியில் சுற்றி வைத்தால் மெத்தென்று இருக்கும். இடியாப்பம் வைக்கலாம். தோசை கூடாது. பூரி, மேற்படி. அப்பளம் பற்றிக் கேட்கவே கூடாது.

எலெக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸில் அடியில் ஒரு சூடேறும் தகடு, மேலே டப்பாக்கள், பக்கத்தில் வயர். சிலவற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற, அது ஆவியாகிச் சோற்றைச் சூடாக்கும். காரில் 12 வோல்ட் குழியில் செருகும் வகையும் உண்டு. கருவியில் குறையில்லை, குறை பிளக் பாயின்ட்டில். ஆபீஸ் முழுவதற்கும் பசி ஒரே நேரத்தில் வருகிறது, சுவரில் இருப்பதோ இரண்டு துளை, அதிலொன்றில் யாருடைய கைபேசியோ தொங்குகிறது. ஏ.சி. ஹாலில் கருவாட்டுக் குழம்பு மெல்லச் சூடேறும்போது தளம் முழுதும் நிகழும் மௌனத்தை இக்கட்டுரை விவரிக்க முற்படவில்லை.

மின்சாரமும் இல்லாத இடத்துக்குச் சுட்ட சுண்ணாம்பு இருக்கிறது. அதில் நீர் பட்டால் கொதிக்கும்; தானே சூடாகும் உணவுப் பொட்டலங்கள் பலவற்றின் அடியில் இருப்பது இதுவே. அமெரிக்க ராணுவத்தின் பொட்டலங்களில் மக்னீசியம் இந்த வேலையைச் செய்கிறது. வெள்ளையடிக்குமுன் பானையில் சுண்ணாம்பு நீற்றியவர்கள் அனைவரும் அந்தக் கொதிப்பைப் பார்த்தவர்களே. மேலே ஒரு சட்டி ரசம் வைக்க அவர்களுக்குத் தோன்றியிருந்தால் இப்பத்தி, தமிழரே முன்னோடி என்று தொடங்கியிருக்கும்.

இக்கருவிகளால் அன்றாட வாழ்க்கை எளிமைப்பட்டதா என்பது அடுத்த வினா. முன்பு ஒருவர் பின் ஒருவராக வந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருந்தது. இப்போது எல்லோருக்கும் ஒருமுறை சமைத்தால் போதும். அந்த ஒருமுறை விடிகாலை நாலரைக்கு. முன்பு கழுவ வேண்டியது ஒரு சட்டி. இப்போது அதே சட்டி, ஹாட்பேக், மூடி, மூடியின் விளிம்பில் புகுந்திருக்கும் ரப்பர் வளையம், அந்த வளையத்தைக் கழற்றினால் அடியில் தெரியும் முந்தாநாள் குருமா, அதைச் சுரண்டும் ஈர்க்குச்சி, கடைசியாகத் துணி. எளிமை உண்மையானதே. அது சாப்பிடுபவர் பக்கத்தில் நிகழ்ந்தது.

பேச்சும் எளிமைப்பட்டது. 'சூடு பண்ணித் தரட்டா?' என்பது போய், 'ஹாட்பேக்ல இருக்கு' என்பது வந்தது. இயல்பான குரலில் சொன்னால் இது தகவல். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், நேரம் என்ன என்று தெரியுமா என்ற வினா. தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னால், காலையில் தொடங்கிய வாதத்தின் தொடர்ச்சி. மூன்று நிலையிலும் உள்ளே இருப்பது அதே உப்புமாதான்.

பரிசுப்பொருளாக ஹாட்பேக்கின் வாழ்வு தனிப்பட்டது. மூன்று அளவில் ஒன்றுக்குள் ஒன்றாக அட்டைப்பெட்டியில் வரும், கல்யாணத்தில் கைமாறும், பரணேறும், உறவில் அடுத்த கல்யாணத்துக்குப் பரணிலிருந்து இறங்கும். பெட்டியின் உள்மடிப்பில் முதலில் கொடுத்தவர் பெயர் எழுதியிருந்தால் மட்டுமே சுழற்சி தடைப்படும், அதுவும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே அது போய்ச் சேரும்போது.

புறனடை: மேலே சொல்லப்படாதனவும் இவ்வாறே கொள்க. மூடி தொலைந்த ஹாட்பேக்கில் சின்ன வெங்காயம் போட்டு வைக்கலாம். மூடி உள்ளதில் வெயில் காலத்தில் ஐஸ் கட்டியும் நிற்கும். நுரைக்கு எந்தப் பக்கத்துச் சூடானாலும் ஒன்றே. விளிம்பில் விரிசல் விட்டு, கழுவுகிற தண்ணீர் சுவர்களுக்கிடையே புகுந்தால், குலுக்கும்போது சலசலக்கும். சில நாளில் நாறும். அதன்பின் அது பழைய இரும்புக் கடைக்கு உரியது. கடைக்காரர் திருப்புளியால் நெம்பி ஸ்டீலைத் தனியே எடுத்து எடை போடுவார், பிளாஸ்டிக்குக்கு ஏதோ கொடுப்பார், நுரைக்கு விலையில்லை.