பேப்பர்க்கார மருமவனுக்குக் கொஞ்சம் ரோசனை

வா மருமவனே, வா. அந்தத் துண்டு மேல உக்காரு. பட்டணத்து பேண்டுல கரிசல் மண்ணு ஒட்டிட்டா லேசுல போவாது. அத்தை காப்பி போடுதா. உன் பேரு பேப்பர்ல வருதுன்னு தெருத் தெருவாச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

போன ஞாயித்துக்கிழமை டீக்கடையில உன் கட்டுரையைத்தான் சத்தம் போட்டு வாசிச்சானுவ. நடிகருங்களைச் சாமியாக்குத ஜனங்க உருப்படவே மாட்டாங்கன்னு நாலு காலத்துக்கு விளாசியிருந்தியே, அதுதான். கட்அவுட்டுக்குப் பால் ஊத்துத பயலுவளை நார் நாராக் கிழிச்சிருந்த. கேட்டுக்கிட்டு இருந்த நம்ம ரசிகர் மன்றத் தலைவரு குடிச்ச டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எழுத்துன்னா இதுல்லா எழுத்துன்னு எனக்குப் பெருமை தாங்கலை.

அந்தப் பெருமையோட பக்கத்தைத் திருப்பிட்டேன் மருமவனே. அங்கதான் தப்பு. கடைசிப் பக்கம் முழுக்க ஒரு நடிகருக்குப் பொறந்தநாள் வாழ்த்து, கட்அவுட்டை விடக் கொஞ்சந்தான் சின்னது. நடுப்பக்கத்துல கட்டம் கட்டி ஒரு துணுக்கு, மூணெழுத்து நடிகை மூணு நாளா யாரு பங்களாவுல தங்கியிருக்குன்னு. எழுதுனவன் பேரு ஏதோ பூச்சி பேரு. அந்தப் பூச்சியும் நீதான்னு போன பொங்கலுக்கு வந்தப்ப உங்க அத்தைகிட்ட நீயே உளறிட்டல்லா? காலையில மதுவிலக்குக் கூட்டத்துல பேசிட்டு, சாயங்காலம் கள்ளுக்கடை ஏலத்துல கை தூக்குத சாமர்த்தியம் எல்லாருக்கும் வந்துராது.

குத்தம் சொல்லுதேன்னு நினைச்சுக்கிடாத. ரோசனைதான் சொல்லுதேன். கட்டுரை ஒரு பக்கம், துணுக்கு ஒரு பக்கம்னு எதுக்குப் போடுதீய? ரெண்டையும் ஒட்டிப் போடுங்க. அறிவுரையைப் படிச்சவன் உடனே தொட்டுக்கிட வசதியா இருக்கும்லா. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடணும். எழுத்து எண்ணத் தெரியாத பயலுவளுக்கு அறிவொளி இயக்கத்துக்குப் பொறவு எண்ணக் கத்துக்குடுத்தது நீதான். மூணெழுத்துன்னா மெய்யெழுத்தையும் சேக்கணுமா வேண்டாமான்னு டீக்கடையில அடிதடி ஆயிட்டு. தமிழ் வாத்தியாரைக் கூப்புட்டுத்தான் தீத்து வச்சோம். அவரும் அன்னைக்கு உற்சாகமா வந்தாரு.

இந்தத் தொழில்ல உனக்கு மூத்தவரு ஒருத்தரு உண்டு, சி.என். லட்சுமிகாந்தன். யுத்த காலத்துல சென்னையில 'சினிமா தூது'ன்னு பத்திரிகை போட்டாரு. சினிமாக்காரவுக படுக்கையறை வரைக்கும் போயி எழுதுனாரு. பயந்துபோயி காசு குடுத்து வாயை அடைச்சவுகளும் உண்டுன்னு சொல்லுவாக. தியாகராஜ பாகவதரு, என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டரு ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னரு ஆர்தர் ஹோப்புகிட்ட மனுக் குடுத்து, பத்திரிகைக்கு லைசென்ஸ் போயிட்டு. மனுசன் சளைக்கலை. 'இந்து நேசன்'னு இன்னொரு பத்திரிகையைப் புடிச்சு, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாரு.

எங்க அய்யா பாகவதரு பைத்தியம். தலையில பாகவதரு கிராப்பு, நடவு வயல்ல நின்னாலும் வாயில அவரு பாட்டு. அந்த அய்யாதான் 'இந்து நேசன்' கெடைச்சா பஞ்சாங்கத்துக்குள்ள மடிச்சு வச்சு வாசிப்பாராம். அமாவாசை என்னைக்குன்னு பாக்க எதுக்கு அரை மணி நேரம்னு எங்க ஆத்தாளுக்கு ரொம்ப நாளா சந்தேகம். உன் கட்டுரையில நீ கிழிச்ச பயலும், உன் துணுக்குக்குக் காத்துக் கெடக்குத பயலும் வேற வேற ஆளுன்னு நினைக்கியா? ஒரே பயதான். பால் சொம்பு வலது கையில, உன் பேப்பரு இடது கையில. சொம்பைக் கீழ போட்டான்னா அப்புறம் எந்தக் கையில உன் பேப்பரைப் புடிப்பான்?

1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில ரிக்சாவுல போவும்போது லட்சுமிகாந்தனைக் குத்திட்டாக. மறுநாள் ஆசுபத்திரியில உசிரு போயிட்டு. அந்தத் தீபாவளிக்கு வந்த பாகவதரு படம் 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டர்ல ஜேஜேன்னு ஓடிக்கிட்டு இருக்கு. அடுத்த மாசம் பாகவதரையும் கிருஷ்ணனையும் புடிச்சு உள்ள வச்சாக. 1945-ல ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போயி, ஐகோர்ட்டுல திரும்ப விசாரிச்சு, 1947-ல தான் ரெண்டு பேரும் வெளிய வந்தாக. படம் மூணு தீபாவளி கண்டுச்சு, கதாநாயகன் ஜெயில்ல தீபாவளி கண்டாரு. கிருஷ்ணன் எப்படியோ எந்திரிச்சு நின்னுட்டாரு. பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை, 1959-ல போயிட்டாரு. குத்துனவன் யாருன்னு இன்னைய வரைக்கும் துலங்கலை. எங்க அய்யாவுக்கு அதுல ரெண்டு துக்கம். பாகவதரு உள்ள போனது ஒண்ணு, பஞ்சாங்கத்துக்குள்ள வைக்க ஒண்ணும் இல்லாமப் போனது ஒண்ணு.

நீ விமர்சனமும் எழுதுதியாமே? 1977-ல பாரதிராஜா 'பதினாறு வயதினிலே' எடுத்தாரு. ஆனந்த விகடன்ல நூத்துக்கு 62.5 மார்க்கு போட்டாக. அந்த அரை மார்க்கைக் கவனி. அறுபத்திரெண்டா அறுபத்திமூணான்னு யாரோ உக்காந்து ரோசிச்சிருக்கான்லா? போன மாசம் நீ ஒரு படத்துக்கு அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் குடுத்திருந்த. கணக்குப்படி எம்பது மார்க்கு. பாரதிராஜாவை விடப் பதினேழரை கூட. நல்லதுதான், பார்த்துட்டு வருவோம்னு அத்தையைக் கூட்டிக்கிட்டு கோவில்பட்டிக்குப் போனேன். இடைவேளைக்கு வெளிய வந்தவ திரும்ப உள்ள வர மாட்டேன்னுட்டா. பிரஸ் ஷோவுல பிரியாணியும் கையில ஒரு கவரும் குடுப்பாகளாமே, நெசமா? நீ பிரியாணி மட்டுந்தான் சாப்புடுவேன்னு அத்தைகிட்ட சொன்னியாம். அதுவும் சரிதான். பதினேழரை மார்க்கும் மசாலாவுக்குத்தான்னு நான் கணக்குல எழுதிக்கிட்டேன்.

மார்க்கை விடு, செத்துப்போன நடிகைங்களை உங்காளுவ எழுதுன லட்சணத்தைச் சொல்லுதேன். சிலுக்கு ஸ்மிதா போய்ச் சேர்ந்தது 1996-ல. அதுவரைக்கும் நம்ம சலூனுக்கு வந்த ஒரு பத்திரிகையில வாராவாரம் நடுப்பக்கத்துல, பின் அடிச்ச இடத்துல, அந்தப் புள்ள படம் இருக்கும். செத்த வாரம் அதே பத்திரிகையில தலையங்கம், சமூகம் அவளைச் சுரண்டித் தின்னுட்டுன்னு. சமூகம்னா முடி வெட்ட வந்த நாங்களாம். பின் அடிச்சவனுக்கு அதுல பங்கு கெடையாதாம். தலையங்கத்துக்குப் பக்கத்துல போட்டிருந்த படம் எது தெரியுமா? அதே நடுப்பக்கத்துப் படந்தான், கொஞ்சம் சின்னதாக்கி.

ஸ்ரீதேவி நம்ம பக்கத்துப் புள்ள. சிவகாசிக்குப் பக்கத்துல மீனம்பட்டி. 'துணைவன்' படத்துல பால முருகனா வந்தப்ப கிழவிங்க திரையைப் பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டாளுவ. அந்தப் புள்ள 2018 பிப்ரவரி 24-ஆம் தேதி துபாய் ஓட்டல்ல குளிக்கிற தொட்டியில செத்துப்போச்சு. டிவியைப் போட்டா எல்லா சேனல்லயும் தொட்டி. ஒருத்தன் தொட்டி படத்துக்குப் பக்கத்துல நின்னு பேசுதான். ஒருத்தன் தண்ணி மட்டத்தைக் காட்டுதான். இன்னொருத்தன் நெசத் தொட்டிக்குள்ளயே இறங்கிப் படுத்துட்டான். மயங்கித் தண்ணியில விழுந்து மூச்சு முட்டிப் போச்சுன்னு துபாய் சர்க்காரு சொல்லி, கேசை முடிச்சு அனுப்புத வரைக்கும் இவனுவ தொட்டியை விட்டு எந்திரிக்கலை. அம்பது வருசம் அந்தப் புள்ள நடிச்சதெல்லாம் ஒருத்தன் கண்ணுலயும் படலை.

அப்ப நீ ஒரு கட்டுரை எழுதுன, எனக்கு ஞாபகம் இருக்கு. டிவிக்காரனுவளுக்கு வெக்கம் மானம் உண்டான்னு கேட்டிருந்த. நான் அத்தைகிட்ட, பாரு உன் மருமவனுக்கு மனசாட்சி இருக்குன்னு சொல்லிட்டு வாசிச்சுக்கிட்டே போனேன். மூணாவது பாராவுல தொட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை குடம் தண்ணி கொள்ளும்னு வந்துச்சு. நாலாவது பாராவுல குடிச்சிருந்தாளா இல்லையான்னு ஒரு கேள்வி, அதைக் கேக்குதவனுவளைக் கண்டிச்சு. அஞ்சாவது பாராவுக்கு நடுவுல தொட்டி படம். டிவிக்காரனுவ இப்படித்தான் காட்டுனாங்கன்னு படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டுட்டா மானம் வந்துரும்போல. அத்தை அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அரிசிப் பானை மேல மூடி வச்சா. தொட்டி படம் உள்பக்கமா இருக்கட்டும்னு பாத்து வச்சா, அது வேற விசயம்.

காப்பியைக் குடி, ஆறிரும். கடைசியா ஒண்ணு சொல்லிருதேன். எனக்கும் எம்பது நெருங்கிட்டு. நான் நடிகன் இல்லைதான். ஆனா பேப்பர்க்காரனோட தாய்மாமன்லா, ஓரத்துல ரெண்டு வரி வராமலா போயிரும்? நம்ம வீட்டுலயும் ஒரு தொட்டி இருக்கு. கொல்லையில, மாட்டுக்குத் தண்ணி காட்டுதது. நீளம் ஆறடி, ஆழம் ரெண்டடி இருக்கும். நீ ஒரு எட்டு போயி இப்பவே அளந்து படமும் எடுத்து வச்சுக்க. எழவு வீட்டுக் கூட்டத்துல டேப்பு புடிக்க எடம் கெடைக்காது. பாத்து நில்லு, செவலை முட்டும்.