மெட்டு தாண்டினால் யூனியன்

போடியில் ‘யூனியன் ஆபீஸ்’ எங்கே என்று கேட்டால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் இறங்கியபின் அதே கேள்வியைக் கேட்டால், ‘எந்தக் கட்சி?’ என்பார்கள். வாளையார் தாண்டிப் பாலக்காட்டில் லாரியை நிறுத்தினால் கேட்கவே வேண்டாம், யூனியனே வந்துவிடும்.

நம் சரக்கை நாமே இறக்குவோம், அவர்கள் பார்ப்பார்கள், பார்த்ததற்குக் கூலி. நோக்குகூலி என்ற இந்த அரிய கலையைக் கேரள அரசு 2018-இல் தடை செய்தது. தடைக்கு நாள் பார்த்தார்கள் பாருங்கள்: மே 1!

மூணாறில் கதை வேறு. 2015-இல் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனதும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆதரவு தர வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் துரத்தினார்கள். தொழிலாளிக்காகச் சங்கம், சங்கத்துக்கு எதிராகத் தொழிலாளி! ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒருமை என்றால் மலையாளத்தில் ஒற்றுமை. ஆக அதுவும் ஒரு யூனியன்தான்.

கம்பெனி இறங்கி வந்தது, கௌரவம் இறங்கவில்லை. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று பிரித்துக் கொடுத்தார்கள். கூட்டினால் எவ்வளவு என்று கொழுந்து எடை போடுகிறவர்களுக்கா தெரியாது?

அந்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்திலும் ஓரிடம் பிடித்தார்கள். போடிக்காரர் பாஷையில் அதுவும் யூனியன்.

அதே போராட்டத்தில் தினக்கூலி 232 ரூபாயை 500 ஆக்கவும் சொல்லியிருந்தார்கள். யூனியன்கள் சேர்ந்து பேசி 301-இல் முடித்தன.